போதும் என்ற மனமும் ஹவாய்ப் பத்திரிகைகளும்

“போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து” என்று நம் பெரியோர் சொல்லிவைத்தனர். உணவிலும் உடையிலும் பொருளிலும் அம்மனம் மருந்தாகலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அறிவு விஷயத்தில், அதிலும் ஒரு ஜனசமூகம் தன் சொந்தச் சரித்திரத்தை அறிந்துகொள்ளும் விஷயத்தில், அதே மனம் நஞ்சாகவும் முடியும். இதற்குக் கண்கூடான உதாரணம் வேண்டுமாயின், பசிபிக் மாகடலின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளை நோக்குக.

அத்தீவுகளின் மக்கள் தம் தாய்மொழியில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அச்சிட்டுக் குவித்த பத்திரிகைகள் ஏறத்தாழ 125,000 பக்கங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு சிறு கூறு மட்டும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு நூல்களாயிற்று. அந்நூல்களைக் கையிற் கொண்டு, ‘ஹவாயைப் பற்றி அறிய இவை போதும்’ என்று கல்விமான்கள் பல பத்தாண்டுகள் இருந்துவிட்டனர். இது முதலாவது ‘போதும்’. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அப்பக்கங்கள் படமெடுக்கப்பட்டு, எவரும் காணுமாறு இணையத்தில் ஏற்றப்பட்டு வருகின்றன. ‘ஏற்றியாயிற்று, மாணவர்கள் படித்துக்கொள்ளட்டும், இனி என்ன வேண்டும்?’ என்போரும் உளர். இது இரண்டாவது ‘போதும்’. முதலாவது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை இரண்டாவது என்பதை எடுத்துக்காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பத்திரிகை பிறந்த வரலாறு

கிறிஸ்தவப் பாதிரிமார் 1820இல் ஹவாய்க்கு வந்தனர். அதுவரை எழுத்தின்றி நாவாலும் நினைவாலும் வாழ்ந்த அம்மொழிக்கு, 1826இல் பன்னிரண்டு எழுத்துக்கள் வரையறுக்கப்பட்டன. மௌயித் தீவிலுள்ள லாஹைனாலூனாப் பள்ளியில், 1834ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், ‘கா லாமா ஹவாய்’ என்ற முதற்பத்திரிகை வெளிவந்தது. ‘ஹவாயின் ஒளி’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். எழுத்து வகுக்கப்பட்டு எட்டே ஆண்டுகளில் ஒரு மொழி பத்திரிகை கண்டது என்றால், அம்மக்களுடைய கல்வி வேட்கையை நாம் அளந்துகொள்ளலாம்.

முதலில் அச்சியந்திரம் பாதிரிமார் கையில் இருந்தது. பின்னர் அரசாங்கமும் பத்திரிகை நடத்திற்று. ஆயினும், பிறர் சொற்படி எழுதுவதோடு அம்மக்கள் நின்றுவிடவில்லை. 1861இல் ஹவாயர் தாமே நடத்திய ‘கா ஹோக்கூ ஓ கா பாகிபிகா’, அதாவது ‘பசிபிக் விண்மீன்’, தோன்றியது. பிற்காலத்தில் அந்நாட்டு மன்னராகிய கலாகௌவா அதன் முயற்சியில் முன்னின்றவர். பழங்கதைகளையும் பழம் பாட்டுக்களையும் அது கூசாமல் வெளியிட்டது, பாதிரிமார் சினந்தனர், வாசகர்கள் விரும்பிப் படித்தனர். அதே ஆண்டில் தோன்றிய ‘கூஓகோஆ’ என்னும் பத்திரிகை 1927வரை நடந்தது. இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகள் தோன்றி மறைந்தன. ஹீலோ நகரில் வெளிவந்த ‘கா ஹோக்கூ ஓ ஹவாய்’ 1948இல் நின்றதோடு அந்த நெடுவரிசை முடிவுற்றது.

இவற்றில் இருந்தவை யாவை? கப்பல் வரவு, சட்டம், சந்தை விலை, வெளிநாட்டுச் செய்தி முதலியன எல்லாப் பத்திரிகைகளிலும் உள்ளவையே. அவற்றோடு, அரச குலங்களின் வமிசாவளி, மீன்பிடிக்கும் முறை, மருந்து, வழிபாடு, இறந்தோரை நினைந்து உறவினர் பாடிய இரங்கற்பாக்கள், மாதக்கணக்கில் தொடர்ந்த கதைகள், ஓர் ஊரான் எழுதியதை மற்றோர் ஊரான் மறுத்தெழுதிய கடிதங்கள் ஆகியனவும் அடுத்தடுத்து நின்றன. வியாதிகள் அந்நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பியர் வருகைக்கு முன் சில லட்சமாக இருந்தது என்று கணிக்கப்படும் மக்கள், 1896ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், கலப்பினத்தாரையும் சேர்த்து நாற்பதினாயிரத்துக்கும் சற்றுக் குறைவாயினர். முதியவர் ஒருவர் மாண்டால் ஒரு நூல் நிலையம் எரிந்தது போலாயிற்று. ஆகவே, எழுதத் தெரிந்தவர்கள் பின்வருவோருக்கென்றே விரைந்து எழுதினார்கள். பத்திரிகை அம்மக்களுக்கு அன்றாடச் செய்தித்தாளாகவும் பண்டாரமாகவும் ஒருங்கே இருந்தது.

பின்னர் நடந்தது சோக வரலாறு. 1893 ஜனவரியில், சர்க்கரைச் செல்வமும் அந்நியர் ஆதிக்கமும் கைகோத்து நிற்க, லிலியுஓகலானி அரசியாரின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல், பள்ளிகளில் ஆங்கிலமே போதனாமொழி என்று சட்டம் செய்யப்பட்டது. 1898இல் நாடே அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்றதை முதியோர் பலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். இரண்டு தலைமுறைக்குள், பாட்டன் எழுதிய பத்திரிகையைப் பேரன் படிக்க முடியாதவனானான். பெட்டி வீட்டில் இருந்தது, திறவுகோல் பறிக்கப்பட்டது.

முதலாவது ‘போதும்’

திறவுகோல் இல்லாத காலத்தில் பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொடுத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நாம் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். மேரி கவேனா பூகுயி அம்மையார் போன்றோர் உழைத்திராவிடின் இன்று அம்மொழிக்கு நல்ல அகராதியும் இராது. ஆயினும், மொழிபெயர்ப்பை மூலத்தின் சிம்மாசனத்தில் அமர்த்தியது கல்வியுலகத்தின் குற்றம்.

சாமுவேல் கமாகௌ என்பவரை எடுத்துக்கொள்வோம். இவர் லாஹைனாலூனாவில் பயின்றவர். 1815இல் பிறந்து 1876இல் மறைந்தவர். 1860களின் நடுப்பகுதி தொடங்கி 1871வரை இவர் தம் நாட்டு வரலாற்றைப் பத்திரிகைகளில் வாரந்தோறும் எழுதினார். 1961இல் அதன் ஒரு பகுதி ஆங்கிலத்தில், ஹவாயை ஆண்ட தலைவர்களைப் பற்றிய ஒரு பெருநூலாக வெளிவந்தது. பழைய வழக்கங்களைப் பற்றிய பகுதிகள் 1964 முதல் தனித்தனி நூல்களாயின. படிப்போர்க்கு வசதியென்று வரிசை மாற்றப்பட்டது. சில பகுதிகள் விடப்பட்டன. அரசியல் ஒரு நூலிலும் சமயமும் தொழிலும் வேறு நூல்களிலும் பிரிக்கப்பட்டன.

இதனால் நேர்ந்த நஷ்டம் யாது? கமாகௌ ஓர் அரசனுடைய போரைச் சொல்லிவரும்போது, இடையில் நிறுத்தி, ஒரு கோயிலையோ ஒரு தொழிலையோ விரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நிறுத்தம் அவருடைய கலை. இன்ன செய்திக்குப் பின் இன்னது என்று வைத்தது அவருடைய கருத்து. அதைப் பிரித்து வேறு புட்டிகளில் அடைத்தபின், நம் கைக்கு வருவது கமாகௌ தந்த தகவல். கமாகௌ என்னும் எழுத்தாளர் அங்கே இல்லை. அவர் சொன்னதை மறுத்துப் பிறர் எழுதிய கடிதங்களும் அந்நூல்களுக்கு வெளியே நின்றுவிட்டன. பத்திரிகையில் அவர் பலருடன் வாதாடும் ஒருவர். நூலில் அவர் எதிர்ப்பேச்சில்லாத தீர்க்கதரிசி. பகுத்தறிவாளர் எவரும் இம்மாற்றத்தைக் கண்டு மகிழமாட்டார்.

‘பெலே–ஹியியாகா’ கதைக்கு நேர்ந்ததும் இத்தகையதே. பெலே எரிமலைத் தெய்வம். தன் காதலனாகிய லோஹியௌவைத் தொலைத்தீவிலிருந்து அழைத்துவருமாறு அவள் தன் தங்கை ஹியியாகாவை அனுப்புகிறாள். தங்கை பல தீவுகளைக் கடந்து, இடர்களை வென்று, வழியெங்கும் பாடிச்செல்கிறாள். அவள் திரும்புமுன், பொறாமையால் வெகுண்ட பெலே, தங்கையின் உயிர்த்தோழியாகிய ஹோபோயேயையும் அவள் பூஞ்சோலையையும் எரித்துவிடுகிறாள். கபிஹெனுயி என்பவர் இதை ‘பசிபிக் விண்மீன்’ பத்திரிகையில் 1861இன் இறுதி முதல் அடுத்த ஆண்டு வரை தொடராக எழுதினார். 1905, 1906ஆம் ஆண்டுகளில் ஹோஓலுமாஹியேஹியே என்ற பெயரில் மற்றொரு நீண்ட தொடர் ‘கா நாயி ஔபுனி’ பத்திரிகையில் வந்தது. ஆனால் உலகம் நெடுங்காலம் படித்தது 1915இல் எமர்சன் என்பவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலையே. எமர்சன் பத்திரிகைக் கதைகளையும் பிறவற்றையும் கலந்து ஒன்றாக்கினார். அதனால், இக்கதை ஓர் ஆசிரியர் இல்லாத புராதனக் கட்டுக்கதை போலத் தோன்றலாயிற்று. ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பெயர் இருந்தது, ஒருவர் நடை மற்றொருவர் நடையன்று. ஆட்சி கவிழ்ந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில், 1905இல், தன் நிலத்தின் ஒவ்வொரு மலையையும் காற்றையும் பெயர் சொல்லிப் பாடும் ஒரு தொடரை ஹவாயர் தொடர்ந்து படித்தனர் என்றால், அதற்கு இலக்கியச் சுவைக்கு மேலும் ஒரு பொருள் உண்டு அன்றோ? அப்பொருள் பத்திரிகைப் பக்கத்தில்தான் விளங்கும், தனிநூலில் விளங்காது.

ஹவாய் மொழியில் ‘மோஓலெலோ’ என்று ஒரு சொல் உண்டு. கதை என்றாலும் அதுவே. வரலாறு என்றாலும் அதுவே. வழிவழி வரும் பேச்சு என்பது அதன் உட்பொருள். ஆங்கில நூல்கள் இதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பொய்யென்றும் மறுபாதியை மெய்யென்றும் அடுக்கின. வெட்டியவர் கருத்துக்கு அது இசைந்திருக்கலாம். எழுதியவர் கருத்து அதுவன்று.

புவாகேயா நோகெல்மையர் என்னும் ஆராய்ச்சியாளர் 2010இல் வெளியிட்ட தம் நூலில் இந்நிலையைத் தெளிவாகச் சாடினார். விரல்விட்டு எண்ணத்தக்க ஆசிரியர் சிலரின் மொழிபெயர்ப்புகளே ஹவாய் அறிவு முழுவதும் என்று கொண்ட மனப்பான்மையை, ‘போதும் என்னும் பேச்சு’ என்ற கருத்துப்பட அவர் குறித்தார். நம் வியாசத்தின் தலைப்புக்கும் அதுவே தூண்டுகோல்.

பக்கங்கள் பேசியபோது

இலக்கிய வாதம் இருக்கட்டும். பத்திரிகைகளைப் படிக்காததால் உலகியலில் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு இரண்டு விடைகள் கூறுவோம்.

ஹவாயர் தம் நாடு பறிபோனதை எதிர்க்காமல் அடங்கியிருந்தனர் என்றே நெடுநாள் எழுதப்பட்டுவந்தது. நோயெநோயெ சில்வா என்னும் அறிஞர் ஹவாய்ப் பத்திரிகைகளை ஊன்றிப் படித்தார். கூட்டங்கள் நடந்ததும், கையெழுத்துக்கள் திரட்டப்பட்டதும், தூதுக்குழு வாஷிங்டன் சென்றதும் அவற்றிலே பச்சையாக அச்சாகியிருந்தன. ஜோசப் நாவஹி என்பவரும் அவர் மனைவி எம்மாவும் 1895இல் தொடங்கிய ‘கே அலோஹா ஆயினா’, அதாவது ‘நாட்டன்பர்’, அக்கிளர்ச்சியின் குரலாக நின்றது. 1896இல் கணவர் மறைந்த பின்னும் அம்மையார் அதைக் கைவிடவில்லை. 1897இல் திரட்டப்பட்ட எதிர்ப்பு மனுவை சில்வா அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தார். அதில் 21,000க்கு மேற்பட்ட கையெழுத்துக்கள் இருந்தன. நாற்பதினாயிரம் பேருள்ள ஓர் இனத்தில் இருபத்தோராயிரம்! இது 2004இல் நூலாக வெளிவந்த பின், ‘அடங்கியிருந்தனர்’ என்னும் பழைய பாட்டைப் பாட எவருக்கும் வாயில்லாமற் போயிற்று. பேரப்பிள்ளைகள் அம்மனுவில் தம் பாட்டன் பாட்டியர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து உருகினர்.

இரண்டாவது விடை இயற்கையைப் பற்றியது. பெருந்தீவாகிய ஹவாயை, அதன் உயர்ந்த மலைகள் காப்பதால், பெரும்புயல் தாக்குவதில்லை என்ற நம்பிக்கை ஒன்று உலவிற்று. ஆனால் 1871ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் அத்தீவையும் மௌயியையும் கொடும்புயல் தாக்கிய செய்தி பழம்பத்திரிகைகளில் விரிவாக உள்ளது. எந்தத் திசையிலிருந்து காற்று வீசிற்று, எப்பொழுது மாறிற்று, எந்த ஊரில் எவ்வளவு வீடுகள் விழுந்தன என்று ஊர்மக்கள் கடிதம் எழுதினர். மொழி வல்லாரும் வானிலை விஞ்ஞானிகளும் கூடி அக்கடிதங்களைக் கோத்து, புயலின் வழியையும் வலிமையையும் கணித்து 2018இல் வெளியிட்டனர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் எளிய குடியானவர் எழுதிய கடிதம், இன்றைய மக்களுக்கு எச்சரிக்கையாயிற்று. அது என்றும் மறைத்துவைக்கப்பட்டதன்று. படிப்பார் இல்லாமல் கிடந்தது.

இரண்டாவது ‘போதும்’

இனி, மாணவர் விஷயத்துக்கு வருவோம். 1978இல் ஹவாய் மொழி அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. 1984இல் கவாயித் தீவில், தாய்மொழியிலேயே பேசி வளர்க்கும் ‘பூனானா லெயோ’ என்னும் மழலைப்பள்ளி தொடங்கிற்று. ‘மொழியின் கூடு’ என்பது அதன் பொருள். 1896ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தடை 1986இல் நீக்கப்பட்டு, 1987 முதல் பொதுப்பள்ளிகளிலும் ஹவாய்மொழி வகுப்புக்கள் ஏற்பட்டன. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடநூல் எங்கே? பாட்டனார் எழுதிய பத்திரிகைகளே ஒப்பற்ற பாடநூல். ஆனால் அவை நுண்படச் சுருள்களில், நூல்நிலைய இருட்டில் கிடந்தன.

இந்நிலை மாறத்தொடங்கியதை மனமாரப் பாராட்டுகிறோம். ‘உலுகௌ’ என்னும் இணைய நூலகம் 2004இல் திறக்கப்பட்டது. ‘பாபாகிலோ’ என்னும் மற்றொரு தொகுப்பும் பின்னர் வந்தது. ‘ஈகே கூஓகோஆ’, அதாவது ‘விடுதலை பெற்ற அறிவு’, என்ற இயக்கம் 2011 நவம்பர் 28இல் தொடங்கிற்று. 1843இல் பிரிட்டனும் பிரான்சும் ஹவாயின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்ட நாள் அது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீட்டிலிருந்தவாறே பக்கங்களைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தனர். மொழி முற்றும் அறியாதவர்களும் அதில் இருந்தனர். கூலியில்லாமல் பாட்டனார் எழுத்தைப் படியெடுத்த அக்கைகளை வணங்குகிறோம்.

எனினும், விமர்சனம் செய்வோன் வணங்கியதோடு நின்றால் கடமை தவறியவனாவான். பக்கத்தைத் திரையில் காட்டுவது வேறு. மாணவன் படிக்கச் செய்வது வேறு.

ஒரு சிறு சான்று காண்க. பழைய பத்திரிகைகளில் நெடிலைக் காட்டும் மேற்கோடும், தொண்டையில் ஒலியை நிறுத்தும் ‘ஓகினா’ என்னும் குறியும் பெரும்பாலும் அச்சிடப்படவில்லை. தாய்மொழியாளர்க்கு அவை வேண்டியிருக்கவில்லை. ஆகவே ‘பௌ’ என்று அச்சாகியுள்ள ஒரே சொல், ‘முடிந்தது’ என்றும் இருக்கலாம். ‘புகைக்கரி’ என்றும் இருக்கலாம். ‘ஈரம்’ என்றும் இருக்கலாம். ‘பெண்கள் அணியும் பாவாடை’ என்றும் இருக்கலாம். இன்று பள்ளியில் மேற்கோட்டோடும் குறியோடும் எழுதக்கற்ற பிள்ளை, பழைய பக்கத்தைக் கண்டதும் திகைக்கிறது. நமக்கு இத்திகைப்பு புதிதன்று. பனையோலைச் சுவடிகளில் புள்ளியின்றியும் ஒகர ஓகார வேறுபாடின்றியும் எழுதியிருந்ததால், ‘கொல்’ என்பதா ‘கோல்’ என்பதா என்று பதிப்பாசிரியர்கள் மயங்கியதை நம் வாசகர்கள் அறிவார்கள். சுவடியைக் கையில் கொடுத்துவிட்டு ‘படித்துக்கொள்’ என்றால், எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

தேடும் கருவியின் குறையும் சிறிதன்று. மங்கிய அச்சை இயந்திரம் படிக்கும்போது ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக எண்ணிவிடுகிறது. அவ்வாறு பிழையாகப் படிக்கப்பட்ட சொல் தேடுவோனுக்கு அகப்படாது. மாணவன் தன் ஊர்ப்பெயரை இட்டுத் தேடுகிறான், ஒன்றும் வரவில்லை, ‘என் ஊரைப்பற்றி எவரும் எழுதவில்லை போலும்’ என்று மூடிவிடுகிறான். இதைவிடக் கொடிய பொய் உண்டோ? முன்பு பூட்டிய பெட்டி ‘எனக்குள் என்ன இருக்கிறதோ’ என்றாவது எண்ணச் செய்தது. திறந்திருந்தும் இருண்ட பெட்டி ‘எனக்குள் ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுகிறது.

இன்னும், சொல்லைத் தேடி எடுக்கும் பழக்கத்துக்கு இயல்பாகவே ஒரு தீங்கு உண்டு. தேடியவன் தன் சொல் நின்ற பத்தியை மட்டும் பார்த்துப் போகிறான். கமாகௌவைத் துண்டாக்கிய பழைய நூல்கள் செய்த வேலையையே புதிய கருவியும் செய்கிறது. முன்பு பதிப்பாசிரியர் வெட்டினார், இப்போது படிப்பவனே வெட்டிக்கொள்கிறான். பத்திரிகை என்பது பக்கம். இரங்கற்பாவுக்கு அருகே கரும்பாலை விளம்பரம் நிற்பதும், தொடர்கதைக்குக் கீழே வியாதிச் செய்தி நிற்பதும் தற்செயலானாலும், அவற்றை ஒருங்கே கண்டவனுக்கே அக்காலம் கண்முன் வரும்.

ஆட்சேபங்களும் விடைகளும்

‘ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பாடு? இயந்திரமே மொழிபெயர்த்துத் தந்துவிடுமே’ என்பர் சிலர். ‘பௌ’ என்ற ஒரு சொல்லில் நான்கு பொருள் நிற்கும்போது, இயந்திரம் ஒன்றைத் தேர்ந்து உறுதியாகச் சொல்லிவிடும்; தவறாயினும் நாணாது. அதைத் திருத்துவதற்காவது மூலம் படிக்க வல்லார் வேண்டுமன்றோ? இயந்திரம் கோலாக உதவட்டும். காலை வெட்டிவிட்டுக் கோலைக் கொடுப்பது உதவியாகாது.

‘பாட்டனார் எழுதியவையெல்லாம் மெய்யென்று பிள்ளைகள் நம்பிவிடமாட்டார்களா?’ என்பர் வேறு சிலர். நல்ல கேள்வி. அச்சில் வந்ததாலேயே எதுவும் வேதமாகாது. பாதிரிமார் பத்திரிகை அவர்கள் நோக்கத்துக்கு எழுதிற்று. அரசாங்கப் பத்திரிகை அரசாங்கத்துக்கு எழுதிற்று. 1890களில் ‘கூஓகோஆ’ ஆட்சியைப் பிடித்தோர் பக்கம் சாய்ந்திருக்க, ‘நாட்டன்பர்’ அவர்களை எதிர்த்து நின்றது. ஆகவே, ஒரே வாரத்தில் வந்த இரண்டையும் மாணவன் முன் வையுங்கள். யார் எதை மறைத்தார், ஏன் மறைத்தார் என்று அவனே கேட்கட்டும். மொழிபெயர்த்த ஒற்றை நூல் இப்பயிற்சியைத் தர இயலாது. எதிரெதிர்ப் பத்திரிகைகள் தரும்.

‘புனிதமான பாட்டும் வமிசமும் எவர் கைக்கும் எட்டினால், அவற்றை வியாபாரிகள் எடுத்துச் சுற்றுலாக்காரருக்கு விற்கமாட்டார்களா?’ என்ற அச்சம் ஹவாயரிடையே உண்டு. இதை நாம் இலேசாகத் தள்ளவில்லை. நாட்டையே இழந்தவர்களின் அச்சம் அது. எனினும், அக்காலத்தார் தம் மக்கள் படிக்கவேண்டுமென்றே அவற்றை அச்சேற்றினர். விற்பவனைத் தடுக்கக்கூடிய காவலாளி பூட்டு அன்று. பொருளறிந்து படிக்கும் ஆயிரம் மாணவர்களே. பொருளறியாதவன் கையில்தான் பாட்டு அலங்காரப் பண்டமாகும்.

செய்ய வேண்டுவன

ஆகவே, இத்தொகுப்புகளை நடத்துவோர் முன்னும், மொழிப்பள்ளிகள் முன்னும் நாம் வைக்கும் கோரிக்கைகள் சிலவே. பக்கத்தின் படமும் தட்டச்சிட்ட எழுத்தும் அருகருகே நிற்கவேண்டும். பழைய எழுத்தில் தேடினாலும் புதிய எழுத்தில் தேடினாலும் ஒன்றே அகப்படவேண்டும். அகராதி ஒரு விரல் தொடுவில் திறக்கவேண்டும். தொடர்கதையின் இந்த வாரப் பகுதியிலிருந்து அடுத்த வாரப் பகுதிக்கு நேரே செல்ல வழி வேண்டும். குறியிட்டுத் திருத்திய பாடத்தை மூலத்தின்மேல் பூசாமல் தனியே வைக்கவேண்டும். திருத்தியவர் கருத்தை மாணவன் மறுக்கும் உரிமை அழியலாகாது. யாவற்றுக்கும் மேலாக, பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கடிதம், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தொடர்கதை என்று தேர்ந்து, முன்னுரையும் குறிப்பும் எழுதித்தரும் ஆசிரியர்கள் வேண்டும். இயந்திரம் வாங்கப் பணம் கொடுப்போர், ஆசிரியருக்கும் கொடுக்கட்டும்.

கரும்புத் தோட்டங்களுக்காக ஒரு நாட்டின் ஆட்சி கவிழ்ந்த கதை, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் வாசகர் பலருக்கு விளக்கமின்றியே விளங்கும். அத்தோட்டங்களில் உழைக்கச் சீனரும் ஜப்பானியரும் போர்த்துக்கீசியரும் பிலிப்பைன்ஸ் மக்களும் கொண்டுவரப்பட்டனர். மண்ணின் மக்களோ தம் மண்ணிலேயே சிறுபான்மையினர் ஆயினர். அப்படிப்பட்ட மக்கள் தமக்கென்று வைத்துப்போன செல்வம் நிலமன்று, பொன்னன்று, இப்பக்கங்களே.

அப்பக்கங்களை எழுதியோர், படிப்பார் வருவர் என்று நம்பி எழுதினர். மொழி தடுக்கப்பட்ட காலத்திலும் 1948வரை அச்சுக் கோத்தனர். ஹீலோவிலோ ஹொனலூலுவிலோ ஒரு சிறுமி இன்று திரையில் தன் கொள்ளுப்பாட்டியின் இரங்கற்பாவைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்து, பொருள் விளங்கி நிற்கும் அந்த நிமிஷத்தில்தான் அந்நம்பிக்கை நிறைவேறும். அதற்கு ஒருபடி முன்னே நின்றுகொண்டு ‘போதும்’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.